முதல் வாட்டர் கூலிங் கணினி: பிரிக்கும் வழியை யோசித்துவிட்டுக் கட்டுங்கள்

என் முதல் லூப்பில், அதாவது பாகங்களைச் சுற்றித் தண்ணீர் ஓடும் மூடிய வட்டத்தில், ஒரு சொட்டுகூடக் கசியவில்லை. ஆனாலும் அதை மூன்று முறை பிரித்தேன். முதல் முறை, ட்யூபைப் பாகத்தோடு இணைக்கும் ஃபிட்டிங்கின் இறுக்கு வளையத்தை ட்யூபில் மாட்டாமலே ட்யூபைச் செருகிவிட்டேன். இரண்டாவது முறை, கிராஃபிக்ஸ் கார்டுக்கு ஒட்டிய தெர்மல் பேட் (வெப்பம் கடத்தும் மெத்தை) ஒன்றில் மேல்தாளை உரிக்க மறந்திருந்தேன். மூன்றாவது முறைதான் உண்மையில் வலித்தது. ரேம் ஒன்று சரியாக உட்காரவில்லை. அதைத் தொட வேண்டுமானால் குறுக்கே போகும் ட்யூபைக் கழற்ற வேண்டும். ட்யூபைக் கழற்ற வேண்டுமானால் தண்ணீரை வடிக்க வேண்டும். வடிக்க ஒரு வழியும் நான் வைத்திருக்கவில்லை. கடைசியில் கேஸைக் குளியலறைக்குத் தூக்கிக்கொண்டு போய்க் கவிழ்த்தேன்.

அதனால் இந்த வழிகாட்டியில் கட்டுவதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் பிரிப்பதைப் பற்றியும் பேசிக்கொண்டே இருப்பேன். ஒரு முறையாவது தன் கையால் கணினி கோத்தவர்களுக்கு இது போதும். புராசஸரை உட்கார வைக்கத் தெரியும், பவர் சப்ளையின் வயர்கள் எதற்கு எது என்று தெரியும், தண்ணீர் மட்டும்தான் புதிது என்று வைத்துக்கொள்கிறேன்.

யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம்

புராசஸரை மட்டும் குளிர்விக்க வேண்டுமென்றால் கஸ்டம் லூப் (பாகங்களைத் தனித்தனியாக வாங்கி நாமே கோக்கும் லூப்) வேண்டாம். பம்ப், ரேடியேட்டர், ட்யூப் எல்லாம் சேர்த்து, நிரப்பி மூடி வரும் ஏஐஓ கூலர் ஒன்றை வாங்கி மாட்டிவிட்டு வேறு வேலை பார்க்கலாம். புராசஸரின் வெப்பம் விரல் நகம் அளவுள்ள சிலிக்கான் துண்டில் பிறந்து, மேலே உள்ள உலோக மூடியைக் கடந்து, வெப்பம் கடத்தும் பேஸ்ட்டைக் கடந்து, அப்புறம்தான் தண்ணீரிடம் வந்து சேர்கிறது. நெரிசல் அந்த முதல் சில மில்லிமீட்டரில் இருக்கிறது. அங்கே தண்ணீரால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. ஐ9-14900கே புராசஸர் உச்சத்தில் 253 வாட் இழுக்கும் என்று இன்டெலே குறித்திருக்கிறது. அப்படிப்பட்ட சுமையில் எவ்வளவு பெரிய லூப் போட்டாலும் புராசஸர் 80 டிகிரியைத் தாண்டலாம். அதைப் பார்த்து "எங்கேயோ தப்பு செய்துவிட்டோம்" என்று நினைக்க வேண்டாம்.

கிராஃபிக்ஸ் கார்டின் கதை வேறு. அதில் மூடி கிடையாது, சிப்பின் முகத்திலேயே பிளாக் (உள்ளே நுண்ணிய வரிகளின் வழியே தண்ணீர் ஓடும் உலோகக் கட்டை) நேராக உட்காரும். சிப்பும் பெரிது. ஆர்டிஎக்ஸ் 4090-க்கு 450 வாட், 5090-க்கு 575 வாட் என்று ஏறிக்கொண்டே போகும் இந்தக் கார்டுகளில்தான் தண்ணீர் தன் வேலையைக் காட்டும். காற்றில் 70 டிகிரியைத் தொடும் கார்டு தண்ணீரில் 50-ஐ ஒட்டி நிற்பது சாதாரணம். கூடவே, அலறிக்கொண்டிருந்த மூன்று சின்ன ஃபேன்களுக்குப் பதிலாக மெதுவாகச் சுற்றும் பெரிய ஃபேன்கள் வந்துவிடும். என்னைக் கேட்டால் கஸ்டம் லூப் போட இரண்டே காரணங்கள்தான்: கிராஃபிக்ஸ் கார்டு, அமைதி. அழகு மூன்றாவதாக வரட்டும்.

தண்ணீர் என்ன செய்கிறது

பம்ப் தண்ணீரைத் தள்ளுகிறது, பிளாக்கில் தண்ணீர் வெப்பத்தை வாங்குகிறது, ரேடியேட்டரில் காற்றிடம் அதைக் கொடுத்துவிட்டுத் தொட்டிக்குத் திரும்புகிறது. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் இங்கே ஒரு கேள்வியில் மாட்டிக்கொள்வார்கள். எதற்கு அப்புறம் எது வர வேண்டும்? புராசஸரில் சூடான தண்ணீர் நேரே கிராஃபிக்ஸ் கார்டுக்குப் போகலாமா, நடுவில் ரேடியேட்டர் வேண்டாமா?

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். ஒரு கிலோ தண்ணீரை 1 டிகிரி சூடேற்றச் சுமார் 4,186 ஜூல் வேண்டும். நிமிடத்துக்கு 4 லிட்டர் ஓடும் லூப்பில் 300 வாட் கொட்டினால், பிளாக்குக்குள் போகும் தண்ணீருக்கும் வெளியே வரும் தண்ணீருக்கும் உள்ள வித்தியாசம் 1 டிகிரிக்குச் சற்று மேல். அவ்வளவுதான். தண்ணீர் அவ்வளவு வேகமாகச் சுற்றுவதால் லூப் முழுக்க ஏறத்தாழ ஒரே சூட்டில்தான் இருக்கும். ஆகவே ட்யூப் எந்த வழியாகப் போனால் குட்டையாகவும் மடியாமலும் போகுமோ அதுதான் சரியான வரிசை. விதி ஒன்றே ஒன்று: தொட்டி பம்புக்கு நேர் முன்னால், அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும். பம்பின் பேரிங்குக்குத் தண்ணீர்தான் எண்ணெய். வறண்டு ஓடினால் கொஞ்ச நேரத்தில் கெட்டுவிடும்.

வாங்கும் முன்

ரேடியேட்டரில் இருந்து தொடங்குங்கள், கேஸை அதற்கேற்பத் தேர்ந்தெடுங்கள். ரேடியேட்டர்கள் 120 அல்லது 140 மி.மீ. ஃபேனின் மடங்குகளில் வரும்: 240, 360 ஒரு குடும்பம், 280, 420 இன்னொன்று. ஃபேன்களை மெதுவாக ஓட்ட நினைத்தால் ஒவ்வொரு 120 மி.மீ. பகுதிக்கும் 100 வாட் என்று வைத்துக்கொள்ளலாம். இது கண்ணளவுதான், சட்டமில்லை. 450 வாட் கார்டும், விளையாடும்போது 150 வாட் வரை போகும் புராசஸரும் என்றால் மொத்தம் 600 வாட். இரண்டு 360 ரேடியேட்டர்கள். ஒன்றோடு நிறுத்தினாலும் ஓடும், ஆனால் ஃபேன் சத்தம் திரும்பி வந்துவிடும், அப்புறம் எதற்கு இவ்வளவு பாடு?

தடிமனையும் பாருங்கள். 30 மி.மீ. ரேடியேட்டரோடு 25 மி.மீ. ஃபேன் சேர்ந்தால் 55 மி.மீ. கேஸின் மேல்பக்கத்தில் மாட்டும்போது இந்த 55 மி.மீ. ரேமிலோ மதர்போர்டின் மேல்விளிம்பில் உள்ள வெப்பத்தகடுகளிலோ இடிக்குமா என்று அளந்து பார்க்க வேண்டும். "360 பொருந்தும்" என்று கேஸின் விவரத்தாள் சொல்வது நீளத்தை மட்டும்தான்.

உலோகத்தில் சமரசமே வேண்டாம். செம்பு, பித்தளை, நிக்கல் பூசிய செம்பு ஆகியவை ஒன்றோடொன்று ஒத்துப்போகும். அலுமினியம் இந்தக் கூட்டத்தில் சேரக்கூடாது. செம்பும் அலுமினியமும் ஒரே தண்ணீரில் நனைந்தால் அது மெதுவான மின்கலம் ஆகிவிடும். அலுமினியம் கரைந்து, அந்தத் துகள் பிளாக்கின் நுண்ணிய வரிகளில் போய் அடைக்கும். மலிவாகக் கிடைக்கும் ரேடியேட்டர் எதனால் ஆனது என்று கேட்காமல் வாங்காதீர்கள்.

பம்பில் இரண்டு குடும்பங்கள்தான் பேசப்படும்: டி5, டிடிசி. டிடிசி சின்னது, அழுத்தம் அதிகம், கொஞ்சம் சூடாகும். டி5 பெரிது, அமைதியானது, வெகுநாள் உழைக்கும். முதல் முறைக்கு டி5-ஐயே எடுங்கள், அதுவும் தொட்டியோடு ஒட்டி வரும் ஜோடியாக. நடுவில் இரண்டு ஃபிட்டிங் மிச்சம், "தொட்டி பம்புக்கு முன்னால்" என்ற விதியும் தானாக நிறைவேறிவிடும்.

பிளாக்குகளில் புராசஸர் பிளாக் சுலபம், சாக்கெட் பொருந்தினால் போதும். கிராஃபிக்ஸ் கார்டு பிளாக்கில்தான் பலர் பணத்தை இழக்கிறார்கள். "4090-க்கான பிளாக்" என்று ஒன்று கிடையாது. ஒரே சிப்பை வைத்து ஒவ்வொரு நிறுவனமும் தன் சர்க்யூட் போர்டைத் தன் இஷ்டப்படி வரைகிறது. மெமரி, கெபாசிட்டர் எல்லாம் இடம் மாறும். உங்கள் கார்டின் முழு மாடல் பெயரையும் பிளாக் தயாரிப்பாளரின் பொருத்தப் பட்டியலில் தேடிப் பார்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டும். முடிந்தால் கார்டை வாங்கும் முன்பே தேடுங்கள். கூலரைக் கழற்றினால் உத்தரவாதம் என்ன ஆகும் என்பதையும் அப்போதே படித்துவிடுவது நல்லது.

ட்யூப் விஷயத்தில் என் கருத்து கறாரானது: முதல் லூப்புக்கு மென்மையான ட்யூப். வளைத்துச் செய்யும் அக்ரிலிக், பெட்-ஜி (PETG) என்ற கெட்டி பிளாஸ்டிக் குழாய்கள் படத்தில் பிரமாதமாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு வளைவையும் ஹீட் கன்னும் உள்ளே சிலிக்கோன் கயிறும் வைத்து வளைக்க வேண்டும், ஒரு மில்லிமீட்டர் தப்பினாலும் குழாய் வீண். பெட்-ஜி சூட்டில் இளகவும் செய்யும். மென்மையான ட்யூபை ஐந்து நிமிடத்தில் கழற்றி ஐந்து நிமிடத்தில் மாட்டலாம். உள்விட்டம் 10, வெளிவிட்டம் 16 மி.மீ. அளவை எடுங்கள், சுவர் தடிமனாக இருப்பதால் வளைவில் மடங்காது. கண்ணாடி போன்ற பிவிசி ட்யூபில் இருந்து, அதை மென்மையாக வைத்திருக்கும் பிளாஸ்டிசைசர் கசிந்து நாளடைவில் தொட்டியும் பிளாக்கும் மங்கும். இபிடிஎம் என்ற கறுப்பு ரப்பர் ட்யூபில் அந்தத் தொல்லை இல்லை. பார்க்க வாஷிங் மெஷின் குழாய் மாதிரி இருக்கிறதே என்பார்கள். இருக்கட்டும்.

ஃபிட்டிங்குகளின் மரை எல்லாம் ஜி 1/4 என்ற ஒரே அளவு, அதனால் எந்த நிறுவனத்துடையதும் எதிலும் ஏறும். மறுபக்கம்தான் கவனம்: 10/16 ட்யூபுக்கு 10/16 ஃபிட்டிங், 10/13 ஃபிட்டிங்கில் அது நிற்காது. எண்ணிக்கை சுலபம், ஒவ்வொரு பாகத்துக்கும் இரண்டு. புராசஸர், கார்டு, இரண்டு ரேடியேட்டர், பம்ப்-தொட்டி ஜோடி என்றால் பத்து. அதோடு 90 டிகிரியில் திரும்பும் முழங்கை நான்கு, மூன்று வாயுள்ள டீ (T) ஒன்று, திறந்து மூடும் பந்து வால்வு ஒன்று, பயன்படாத துளைகளை மூடும் திருகு சில. கடைசி மூன்றும்தான் நான் முதல் முறை வாங்காமல் விட்டவை.

இவை போக, லூப்பில் திருகும் வெப்பநிலை சென்சார், காற்றழுத்தக் கசிவுச் சோதனைக் கருவி, 24-பின் ஜம்பர், நீளமூக்கு பிளாஸ்டிக் பாட்டில், டிஷ்யூ நிறைய.

தாளில் ஒரு மணி நேரம்

எல்லாப் பாகங்களும் வந்ததும் கை துறுதுறுக்கும். அடக்கிக்கொண்டு ஒரு தாளில் கேஸை வரையுங்கள். ஒவ்வொரு பாகமும் எங்கே, அதன் இரண்டு துளைகளும் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று குறியுங்கள். பிறகு பென்சிலால் ட்யூபை ஓட்டுங்கள்.

லூப்பின் மிகத் தாழ்ந்த இடத்தைக் கண்டுபிடியுங்கள். பெரும்பாலும் அது பம்பின் அடியிலோ முன்பக்க ரேடியேட்டரின் கீழ்த்துளையிலோ இருக்கும். அங்கே டீயும் அதன் ஒரு காலில் பந்து வால்வும் வர வேண்டும். வால்வின் மறுமுனையில் ஒரு துண்டு ட்யூபைத் திருக இடம் இருக்கிறதா, அந்த ட்யூப் கேஸுக்கு வெளியே எட்டுமா என்று பாருங்கள். அதேபோல மிக உயர்ந்த இடத்தில் நிரப்பும் வாய் வேண்டும். தொட்டியின் மூடி கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால் அதுவே போதும்.

அப்புறம் இன்னொரு கேள்வி கேளுங்கள்: ரேம், எஸ்எஸ்டி, 24-பின் வயர், இவற்றில் எதையாவது தொட வேண்டுமென்றால் எந்த ட்யூப் வழியை மறிக்கிறது? மறிக்கும் ட்யூபை வேறு வழியாக இழுங்கள். இரண்டு அங்குலம் கூடினால் ஒன்றும் குறைந்துவிடாது.

முதல் படி: காற்றில் ஓட்டிப் பாருங்கள்

மதர்போர்டு, புராசஸர், ரேம், கார்டு எல்லாவற்றையும் சாதாரணக் கூலரோடு மேசை மேல் வைத்து ஓட்டுங்கள். இயங்குதளத்தை நிறுவுங்கள், கார்டை ஒரு மணி நேரம் சுமையில் வையுங்கள். பயாஸ் புதுப்பிக்க வேண்டியிருந்தால் இப்போதே. பழுதான ரேம் இங்கே தெரிந்தால் இரண்டு கிளிப்பை விடுவிப்பதோடு முடியும். லூப்புக்குள் தெரிந்தால் ஒரு மாலைப்பொழுது போய்விடும்.

இரண்டாம் படி: ரேடியேட்டரைக் கழுவுங்கள்

புது ரேடியேட்டர் சுத்தமாகத்தான் இருக்கும் என்று நினைப்போம். உள்ளே பற்றவைக்கப் பயன்படும் ஃபிளக்ஸ் பசையும் உலோகத் துகளும் மிச்சமிருக்கும். சூடான டிஸ்டில்ட் வாட்டரை, கொதிக்கக் கொதிக்க வேண்டாம், பாதி அளவுக்கு ஊற்றி, இரண்டு துளைகளையும் மூடி, இரண்டு மூன்று நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள். வெள்ளைக் கிண்ணத்தில் வடித்துப் பாருங்கள். கறுப்பு மிளகுத்தூள் மாதிரி ஏதாவது வரும். தண்ணீர் தெளிவாக வரும் வரை திரும்பத் திரும்ப. எனக்கு ஒரு ரேடியேட்டர் நான்கு முறையில் தெளிந்தது, இன்னொன்று ஒன்பது முறை கேட்டது. கை வலிக்கும்தான். ஆனால் இங்கே விட்ட தூள் எல்லாம் புராசஸர் பிளாக்கின் தலைமுடி அளவு இடைவெளிகளில்தான் போய் நிற்கும்.

மூன்றாம் படி: கிராஃபிக்ஸ் கார்டு

மொத்த வேலையிலும் பதற்றமான கட்டம் இதுதான், அதனால் காலையில் செய்யுங்கள். பின்பக்கத் திருகுகளை எடுத்து, எது எங்கிருந்து வந்தது என்று தாளில் வரைந்து அந்தந்த இடத்திலேயே குத்தி வையுங்கள். கூலர் சுலபத்தில் பிரிந்து வராது, பழைய பேஸ்ட் பிடித்திருக்கும். இழுக்காமல் மெல்ல இடவலமாக அசையுங்கள். கார்டைச் சில நிமிடம் ஓட்டிச் சூடாக்கிவிட்டுக் கழற்றினால் பேஸ்ட் இளகிக் கொடுக்கும். மேலே தூக்கும்போது ஃபேன் வயரும் விளக்கு வயரும் போர்டில் மாட்டியிருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

பழைய பேடுகளை எடுத்துவிட்டு, சிப்பை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். பிளாக்கின் கையேட்டில் எந்த இடத்துக்கு எத்தனை மில்லிமீட்டர் பேட் என்று படம் இருக்கும். அதை மீறக்கூடாது. 1 மி.மீ. வர வேண்டிய இடத்தில் 1.5 வைத்தால் பேடு அமுங்காமல் பிளாக்கைத் தூக்கிப் பிடிக்கும், சிப்போடு தொடர்பு போய்விடும். பேடுக்கு இரண்டு பக்கமும் மெல்லிய தாள் உண்டு. இரண்டையும் உரியுங்கள். உரித்த தாள்களை எண்ணி, பேடுகளின் எண்ணிக்கையைப் போல இரண்டு மடங்கு வருகிறதா என்று பாருங்கள். சிரிப்பாக இருக்கும், ஆனால் நான் இப்போதும் எண்ணுகிறேன்.

சிப்பின் முகம் முழுவதும் மூடும்படி பேஸ்ட் தடவுங்கள். இங்கே நடுவில் ஒரு புள்ளி என்பது போதாது. மூடி இல்லாத சிப்பில் ஓரம் விட்டுப்போனால் அந்த ஓரம் மட்டும் கொதிக்கும். திருகுகளைக் குறுக்கு வாட்டில், ஒவ்வொன்றும் அரைச் சுற்று வீதம் இறுக்குங்கள்.

நான்காம் படி: புராசஸர் பிளாக், ரேடியேட்டர், பம்ப்

புராசஸர் பிளாக்கில் எது உள்வழி, எது வெளிவழி என்பது முக்கியம். உள்வழித் தண்ணீர் ஒரு மெல்லிய பிளவு வழியாக நடு வரிகளின் மேல் பாய்ந்து இரண்டு பக்கமும் பிரியும்படி அமைத்திருப்பார்கள். மாற்றி மாட்டினாலும் ஓடும், சில டிகிரி கூடும்.

ரேடியேட்டரில் கவனம் ஒரே இடத்தில்: திருகின் நீளம். 25 மி.மீ. ஃபேனுக்கு வழக்கமாக 30 மி.மீ. திருகு தருவார்கள். சில ரேடியேட்டர்களில் திருகுத் துளைக்கு நேர் கீழே தண்ணீர் ஓடும் தட்டைக் குழாய் இருக்கும். 35 மி.மீ. திருகைக் கை அழுத்தி முறுக்கினால் அந்தக் குழாயில் ஓட்டை விழும், ரேடியேட்டரைத் தூக்கிப் போட வேண்டியதுதான். ஃபேன் இல்லாமல் கேஸில் நேராகத் திருகும்போது 5 அல்லது 6 மி.மீ. குட்டைத் திருகு. முறுக்கும்போது தடை தெரிந்தால் நிறுத்துங்கள்.

பம்பின் மின் இணைப்பு பவர் சப்ளைக்குப் போகட்டும். டி5 உச்ச வேகத்தில் 20 வாட்டுக்கு மேல் இழுக்கும், மதர்போர்டின் சாதாரண ஃபேன் முனைக்கு அது தாங்காது. வேகத்தைச் சொல்லும் மெல்லிய வயரை மட்டும் மதர்போர்டில் புராசஸர் ஃபேனுக்கான முனையில் மாட்டுங்கள். பம்ப் நின்றால் பல மதர்போர்டுகள் எச்சரிக்கும்.

ஐந்தாம் படி: ட்யூப்

ஃபிட்டிங்குகளைக் கையால் மட்டும் திருகுங்கள். கசிவைத் தடுப்பது மரை இல்லை, அடியில் இருக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம். அது அமுங்கியதும் நிறுத்திவிட வேண்டும். அக்ரிலிக் தொட்டியிலும் பிளாக்கிலும் ஸ்பேனர் போட்டு இறுக்கினால் விரிசல் விழும்.

ட்யூபை ஃபிட்டிங்கில் இருந்து ஃபிட்டிங்குக்குப் பிடித்துப் பார்த்து, இரண்டு சென்டிமீட்டர் கூடுதலாக வெட்டுங்கள். நீளமாக இருந்தால் இன்னொரு முறை வெட்டலாம். வெட்டு நேராக இருக்க வேண்டும். சாய்ந்தால் ஒரு பக்கம் அடிவரை போய் உட்காராது. இப்போது, செருகும் முன், இறுக்கு வளையத்தை ட்யூபில் மாட்டுங்கள். இரண்டு முனைக்கும் இரண்டு வளையம். ட்யூப் ஏற மறுத்தால் அதன் நுனியை வெந்நீரில் அரை நிமிடம் வைத்தெடுத்தால் இளகும். கடைசிவரை தள்ளி, வளையத்தைத் திருகுங்கள். வளையத்துக்கும் ஃபிட்டிங்கின் உடம்புக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி இருந்தால் பரவாயில்லை.

ட்யூப் எங்கேயாவது மடங்குகிறதா என்று பாருங்கள். மடங்கினால் அந்த இடத்தில் முழங்கை ஃபிட்டிங் போடுங்கள்.

ஆறாம் படி: காற்றை ஊற்றிப் பாருங்கள்

தண்ணீருக்கு முன்னால் காற்று. சோதனைக் கருவியை நிரப்பும் வாயில் திருகி, பாகங்களின் கையேடு அனுமதிக்கும் அளவுக்குள், 0.4 அல்லது 0.5 பார் (bar) அழுத்தம் வரை ஏற்றுங்கள். அதற்கு மேல் வீம்பு வேண்டாம், தொட்டி கண்ணாடியாக இருந்தால் ஆபத்தும் கூட. மென்மையான ட்யூப் கொஞ்சம் விரிந்து கொடுப்பதால் முதலில் முள் லேசாக இறங்கும். மறுபடி ஏற்றிவிட்டு இருபது நிமிடம் காத்திருங்கள். முள் அசையாமல் நின்றால் லூப் தேறிவிட்டது.

இறங்கிக்கொண்டே இருந்தால் முதலில் கருவியையே சந்தேகப்படுங்கள். அதன் இணைப்பு சரியா என்று தனியாகச் சோதியுங்கள். பிறகு ஒவ்வொரு ஃபிட்டிங்காகத் தொட்டு இறுக்கிப் பாருங்கள். பெரும்பாலும் மூடும் திருகு ஒன்றை மறந்திருப்போம்.

ஏழாம் படி: தண்ணீர்

முதலில் எந்தத் தண்ணீர்? குழாய்த் தண்ணீர் வேண்டாம், குடிநீர் பாட்டிலும் வேண்டாம். இரண்டிலும் உப்புகள் உண்டு. டிஸ்டில்ட் வாட்டரோடு அரிப்பையும் பாசியையும் தடுக்கும் கலவையை அதன் தயாரிப்பாளர் சொன்ன அளவில் சேர்க்கலாம், அல்லது கலந்தே வரும் நிறமற்ற கூலன்ட் வாங்கலாம். இரண்டு நிறுவனத்தின் கலவைகளை ஒன்றாக ஊற்றாதீர்கள். பால் மாதிரி ஒளிபுகாமல் இருக்கும் பாஸ்டல் கூலன்ட்டில் நுண்துகள்கள் மிதக்கின்றன, அதனால்தான் அந்த நிறம். அந்தத் துகள்கள் நாளடைவில் படியும். "மின்சாரம் கடத்தாது" என்ற விளம்பரத்தையும் நம்பி உட்கார வேண்டாம். பாட்டிலில் இருக்கும்போது கடத்தாதது, உலோகத்தில் பட்டுச் சுற்றச் சுற்ற அயனிகளைச் சேர்த்துக்கொண்டு கடத்தத் தொடங்கிவிடும். அளவு, சாதாரண லூப்புக்கு ஒரு லிட்டரை ஒட்டி. இரண்டு லிட்டர் கையில் இருக்கட்டும்.

பவர் சப்ளையில் இருந்து பம்பைத் தவிர எல்லாவற்றையும் கழற்றுங்கள். 24-பின் முனையில் ஜம்பரை மாட்டுங்கள். மதர்போர்டு இல்லாமலே பவர் சப்ளையை ஓட்ட வைப்பது அதன் வேலை. இந்த ஏற்பாட்டில் மதர்போர்டு மேலோ கார்டு மேலோ தண்ணீர் சொட்டினாலும் அங்கே மின்சாரம் இருக்காது. ஒவ்வொரு ஃபிட்டிங்குக்கு அடியிலும் டிஷ்யூ வையுங்கள். தொட்டியை நிரப்புங்கள். சுவிட்சைப் போடுங்கள். தொட்டி சில நொடியில் மடமடவென்று வற்றும். முழுவதும் வற்றும் முன் அணையுங்கள். நிரப்புங்கள், போடுங்கள், அணையுங்கள். ஆறேழு முறைக்கு அப்புறம் தொட்டியின் மட்டம் நின்றுவிடும். பவர் சப்ளையின் ஃபேன் சுற்றவில்லையே என்று பயப்பட வேண்டாம், சுமை குறைந்தால் பல மாடல்களில் அது சுற்றாது.

இப்போது லூப்புக்குள் காற்று சிக்கியிருக்கும். பம்ப் கூழாங்கல் அரைப்பது போலச் சத்தம் போடும். மூடியை மூடிவிட்டு, பம்பை ஓடவிட்டே கேஸை நான்கு திசையிலும் மெல்லச் சாய்த்துப் பிடியுங்கள். மேல் ரேடியேட்டரில் ஒளிந்திருக்கும் குமிழிகள் கொத்துக் கொத்தாகத் தொட்டிக்கு வரும். சாய்க்கும்போது பம்ப் காற்றை உறிஞ்சுவது போல் சத்தம் மாறினால் உடனே நேராக்குங்கள். குட்டிக் குமிழிகள் போகச் சில நாள் ஆகும், அவை தானாகப் போய்விடும்.

காற்றுச் சோதனை செய்திருந்தால் சில மணி நேரம் இப்படி ஓடவிட்டால் போதும். செய்யாவிட்டால் 24 மணி நேரம். டிஷ்யூவில் ஈரம் தெரிந்தால் பம்பை அணைத்து, பவர் சப்ளையின் வயரைப் பிடுங்கி, மதர்போர்டின் நாணய பேட்டரியையும் எடுத்துவிட்டுத் துடையுங்கள். மின்சாரம் இல்லாமல் நனைந்த பாகத்தை ஃபேன் காற்றில் ஓரிரு நாள் காயவைத்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

எட்டாம் படி: ஃபேன்கள் யார் பேச்சைக் கேட்க வேண்டும்

எல்லா வயர்களையும் மாட்டி ஓட்டிய முதல் நாள், ஃபேன்கள் ஒரு நொடி அலறி ஒரு நொடி அடங்குவதைக் கேட்டு எரிச்சல் வரும். மதர்போர்டு இன்னும் புராசஸரின் சூட்டைப் பார்த்து ஃபேனை ஓட்டுகிறது. புராசஸரோ ஒரு இணையப் பக்கத்தைத் திறந்தாலே 20 டிகிரி துள்ளும். தண்ணீர் அப்படி இல்லை, சுமை ஏறி கால் மணி நேரமாவது போனால்தான் அதன் சூடு நிலைக்கு வரும். நீங்கள் திருகிய சென்சாரின் இரண்டு பின் வயரை மதர்போர்டின் வெப்பநிலை முனையில் மாட்டி, ஃபேன்களை அதன்படி ஓடச் சொல்லுங்கள். அந்த முனை இல்லாத மதர்போர்டு என்றால் தனி ஃபேன் கன்ட்ரோலர் வேண்டும்.

தண்ணீர் அறை வெப்பத்தைவிட 10 டிகிரி மேலே நின்றால் அருமை, 15 என்றாலும் கவலை இல்லை. நான் 45 டிகிரியில் ஃபேன்களை முழு வேகத்துக்கு விடுகிறேன். டி5 பம்புக்கு 60 டிகிரிதான் எல்லை. 55-ஐத் தொட்டால் கணினி தானாக அணையும்படி வைத்திருக்கிறேன். தண்ணீர் குளிர்ச்சியாக இருந்தும் சிப் மட்டும் கொதித்தால் தப்பு பிளாக்கின் பொருத்தத்தில் இருக்கிறது, ரேடியேட்டரில் இல்லை.

அதற்கப்புறம்

முதல் வாரம் தினமும் தொட்டியின் மட்டத்தைப் பாருங்கள். காற்று வெளியேற வெளியேற மட்டம் இறங்கும், கொஞ்சம் ஊற்ற வேண்டியிருக்கும். பிறகு மாதத்துக்கு ஒரு பார்வை. ட்யூபின் சுவர் வழியாகவே தண்ணீர் மிக மெதுவாக ஆவியாகும், அது கசிவு இல்லை. ரேடியேட்டரின் தூசியை ஊதிவிடுங்கள். நிறமற்ற கூலன்ட்டை வருடத்துக்கு ஒரு முறை மாற்றினால் போதும். மட்டம் இறங்கும் வேகம் திடீரென்று கூடினாலோ, தண்ணீர் கலங்கினாலோ, பச்சை தட்டினாலோ வருடம் வரை காத்திருக்காதீர்கள்.

மாற்றும் நாளில் வால்வில் ட்யூபைத் திருகி, அதன் மறுமுனையை வாளியில் விட்டு, வால்வைத் திறப்பீர்கள். கொஞ்சம் வந்து நின்றுவிடும். அடைத்துவிட்டதோ என்று நான் ட்யூபை ஊதக்கூடச் செய்தேன். தொட்டியின் மேல் மூடியைத் திறக்க வேண்டும், அவ்வளவுதான். ஸ்ட்ராவின் மேல்வாயை விரலால் மூடினால் உள்ளே இருக்கும் ஜூஸ் விழாமல் நிற்குமே, அதே கதை. காற்று உள்ளே போனதும் தண்ணீர் கடகடவென்று இறங்கும். கேஸைச் சாய்த்துச் சாய்த்து மிச்சத்தையும் எடுத்தாலும், கிராஃபிக்ஸ் கார்டு பிளாக்கிலும் அதற்கு மேலுள்ள ட்யூபிலும் அரை டம்ளர் தண்ணீர் ஒளிந்திருக்கும். அந்த ஃபிட்டிங்கைக் கழற்றும் முன் கார்டுக்குக் கீழே ஒரு துண்டை விரித்துவிடுங்கள்.